இலைதாங்கய்யா

வாங்க தம்பி, உக்காருங்க. ஜன்னலோரம் நீங்களே வச்சுக்குங்க. எனக்கு இந்தப் பக்கந்தான் தோது, காலை நீட்டிக்கலாம். இந்தாங்க உங்க பை, என் மடியிலயே பத்திரமா இருந்துச்சு. தண்ணி பாட்டில் கெடச்சுச்சா? ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மொகந்தெரியாத ஆளுகிட்ட "ஐயா, பையைக் கொஞ்சம் பாத்துக்குங்க"ன்னு குடுத்துட்டு எறங்கிப் போறீங்களே, அது தப்பு. நான் யாரு எவருன்னு உங்களுக்குத் தெரியுமா? ஏதோ எங்கிட்டக் குடுத்தீங்க, சரியாப் போச்சு. எல்லாரும் என்னைய மாதிரி இருப்பாங்களா?

போலீஸ்காரன் புத்தி, அதான் சொல்றேன். முப்பத்தி மூணு வருசம் சர்வீஸ். ஏட்டா ரிட்டையர் ஆனேன். பேரு சௌந்தரபாண்டி. ஸ்டேஷன்ல பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல, ரைட்டருன்னுதான் கூப்புடுவாங்க. ஸ்டேஷன் ரைட்டர்னா தெரியுமில்ல? புடிக்கிறது ஒருத்தன், அடிக்கிறது ஒருத்தன், எழுதுறது நான். என் கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். கோர்ட்டுல ஒரு மாஜிஸ்ட்ரேட்டு அம்மாவே பாராட்டியிருக்கு.

பஸ்ஸை எடுத்துட்டான். குமுளியில இருந்து கீழ எறங்க அரை மணி நேரம் ஆகும். மலை முடியிற எடத்துல செக்போஸ்ட்டு. தெரியுமில்ல? ஏறிச் சோதிப்பானுங்க. கேரளாக்காரன் பஸ்ஸோ நம்ம பஸ்ஸோ, ஏறிப் பையத் தெறக்கச் சொல்வானுங்க. சில நாளு சும்மா எட்டிப் பாத்துட்டு விட்டுருவானுங்க. சில நாளு ஒண்ணொண்ணா உதறுவானுங்க. இன்னைக்கி எப்படின்னு தெரியல.

கை நடுங்குது பாருங்க. வயசுனால இல்ல. நோயினாலயும் இல்ல. நோய் இருக்கு, இல்லைங்கல. புரோஸ்டேட்டுல ஆரம்பிச்சு இடுப்பெலும்புக்கு வந்துருச்சு. மதுரையில எல்லாம் பாத்தாச்சு. ஊசி போட்டாங்க, கரண்டு வச்சாங்க. இனிமே வலியைத்தான் பாக்கணும்னுட்டாங்க. வலின்னா சாதாரண வலியில்ல தம்பி. எலும்புக்குள்ள யாரோ ஆணியை வச்சுத் திருகுற மாதிரி இருக்கும். மாத்திரை குடுத்தாங்க, மார்பின். அதப் போட்டா வலி அடங்கும், ஆனா ஒம்போது நாளு வெளிக்கிப் போகல. எம்பொண்ணைப் பாத்து நீ யாருன்னு கேட்டுருக்கேன். அது அழுதுருச்சு.

கௌசல்யான்னு பேரு. கோயமுத்தூர்ல ஒரு லேப்ல வேலை, ரத்தம் எடுத்து சோதிக்கிற வேலை. அதுதான் விசாரிச்சு இந்தப் பக்கம் ஒரு ஆயுர்வேத டாக்டரம்மா இருக்காங்கன்னு கண்டுபிடிச்சுச்சு. வலிக்கு ஒரு எண்ணெய் குடுக்குறாங்க, அரசாங்க லைசென்ஸ் வாங்கின மருந்து, டாக்டர் சீட்டுல குடுக்குறதுன்னுச்சு. சரி போவோம்னு போனேன். போயி உக்காந்து, அந்தம்மா என்ன மருந்துன்னு சொன்னதும் எனக்கு உசுரே போச்சு.

கஞ்சா.

மெதுவாத்தான் சொல்றேன், நீங்க ஏன் திரும்பிப் பாக்குறீங்க? யாருக்கும் கேக்கல. கஞ்சாச் செடியில இருந்து எடுத்த எண்ணெயாம். நான் எந்திரிச்சுட்டேன். அம்மா, நான் போலீஸ்ல இருந்தவன், எனக்கு இது வேணாம்னேன். அது சிரிக்குது. சின்னப் பொண்ணு, எம்பொண்ணு வயசுகூட இருக்காது. "அச்சா, பேடிக்கண்டா, உக்காருங்கோ"ன்னு கையப் புடிச்சு உக்கார வச்சுச்சு. அவங்க பாசையில பேடிக்கண்டான்னா பயப்படாதீங்க, அச்சான்னா அப்பா. அப்பான்னு கூப்புட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வலியில இருக்குறவனுக்கு அதெல்லாம் சட்டுனு வந்துருது.

நான் சொன்னேன், அம்மா, எனக்கு விளங்காம எதையும் நான் வாங்க மாட்டேன், ஒண்ணொண்ணாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்னு. பாக்கெட் நோட்டு எப்பவும் வச்சுருப்பேன். இந்தா பாருங்க, கையெழுத்து எப்படி இருக்கு? நடுங்குற கையிலயும் கோடு மாறல பாத்தீங்களா?

அந்தச் செடிக்குள்ள நூறு சரக்கு இருக்காம். அதுல ரெண்டுதான் நமக்கு முக்கியம். ஒண்ணு டி.எச்.சி. அதுதான் மண்டைக்கு ஏறுறது. சிரிப்பு, மயக்கம், பசி, எல்லாம் அதோட வேலை. வலியையும் அது அமுக்கும். இன்னொண்ணு சி.பி.டி. எனக்கு அதக் கேட்டதும் சி.பி.சி.ஐ.டி. ஞாபகம் வந்து பக்குன்னு ஆயிருச்சு. அது போதை தராதாம். படபடப்பைக் கொறைக்குமாம், மத்தது ரொம்ப ஏறாமப் பாத்துக்குமாம். என் பாட்டில்ல ரெண்டும் சரிக்குச் சரி. பாட்டில் மேல முப்பதுன்னு போட்டிருந்துச்சு. முப்பதும் குடிக்கணுமான்னேன். அந்தம்மா தலையில அடிச்சுக்கிச்சு. முப்பது மில்லிங்கிறது பாட்டிலோட கொள்ளளவு. மருந்து எம்புட்டுங்கிறது வேற, ஒரு மில்லிக்கு இத்தனை மில்லிகிராம்னு கீழ சின்ன எழுத்துல இருக்கும், அதத்தான் பாக்கணும். மூணு வேளையும் நாக்குக்கு அடியில ரெண்டு சொட்டு விட்டு, முழுங்காம ஒரு நிமிசம் வச்சுருக்கணும். மூணு நாளைக்கு ஒருவாட்டி ஒரு சொட்டு கூட்டிக்கலாம். வலி எந்தச் சொட்டுல அடங்குதோ அங்க நின்னுரணும், மேல போகக் கூடாது. சட்டுனு எந்திரிக்கக் கூடாது, பிரஷர் எறங்கித் தலை சுத்தும். வண்டி ஓட்டக் கூடாது. ஒருவாட்டி விட்டுட்டு, கேக்கலியேன்னு அவசரப்பட்டு மறுக்காவும் விடக் கூடாது, சேந்து ஏறிக்கும்.

எல்லாம் எழுதிட்டேன். இப்ப நான் நாலு சொட்டுல இருக்கேன். இது ரெண்டாவது பாட்டில், அது வாங்கத்தான் இன்னைக்கி வந்தேன். வலி அடங்குதான்னா அடங்குது தம்பி. பொய் சொல்லக் கூடாது. ராத்திரி முழுக்கத் தூங்குறேன். எம்பொண்ணு பேரு ஞாபகம் இருக்கு. இந்தப் பாட்டில் இல்லாட்டி நான் இன்னொரு மாசம் தாங்க மாட்டேன், அதுவும் தெரியும்.

அப்பறம் என்ன பயம், சீட்டுத்தான் இருக்கேங்கிறீங்களா? இருக்கு. இந்தா சட்டைப் பையில. என் பேரு, வயசு அறுபத்தாறு, நோய், மருந்து, அளவு, அந்தம்மா கையெழுத்து, பதிவு நம்பரு, எல்லாம் இருக்கு. சட்டப்படி ஒரு பயலும் என்னையத் தொட முடியாது. அது எனக்கும் தெரியும். ஆனா தம்பி, உங்களுக்குத் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும். எழுதுறவன் எழுதினாத்தான் சீட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். அவன் எழுதலைன்னா சீட்டு இல்ல. "விசாரித்ததில் உரிய ஆவணம் ஏதும் இல்லை என்றார்." அம்புட்டுத்தான், ஒரு வரி. நானே எத்தனைவாட்டி எழுதியிருக்கேன்.

அய்யய்யோ, எல்லாருக்கும் எழுதலீங்க. மாசத்துக்கு இத்தனை கேஸுன்னு மேல கேப்பாங்க. மாசக் கடைசியில கொறைஞ்சா, இன்ஸ்பெக்டர் மொகத்தை யாரு பாக்குறது? அந்த நேரத்துல எவன் கெடைக்கிறானோ அவன். அது ஊர் ஒலகத்துல நடக்குறதுதான்.

எத்தனாவது வளைவு இது? பாத்து ஓட்டுறானா இவன்? பின்னால ஒரு அம்மா மஞ்சப் பையை வாயில வச்சுக்கிட்டு உக்காந்துருக்கு, பாவம். இந்த மலை எறங்குனாலே பாதிப் பேருக்கு வாந்தி வந்துரும்.

நான் என்ன சொல்ல வந்தேன்? ஆங், இலை.

அந்தம்மா எல்லாம் சொல்லிட்டுக் கடைசியா ஒண்ணு சொல்லுச்சு. "அச்சா, இது இலையில இருந்து எடுத்தது. பூவில் இருந்து இல்ல. அதனால இது மருந்தாக் குடுக்க முடியுது"ன்னு. எனக்குப் புரியல. இலைன்னா என்ன, பூன்னா என்ன, எல்லாம் ஒரே செடிதானேன்னேன். அது சொல்லுது, பூவுலதான் அந்த மண்டைக்கு ஏறுற சரக்கு நெறைய இருக்கும், பூவு, காயி இருக்குற கொண்டைப் பகுதியைத்தான் சட்டம் கஞ்சாங்குது, தனி இலையைச் சொல்லலைன்னு. நான் நம்பல. முப்பத்தி மூணு வருசம் அந்தச் சட்டத்தை வச்சுச் சோறு தின்னவன் நான், நேத்து வந்த பொண்ணு எனக்குச் சொல்லுது. வீட்டுக்குப் போயி கௌசல்யாகிட்டச் சொன்னேன். அது போன்ல தேடிப் படிச்சுக் காட்டுச்சு. அப்படியேதான் இருக்கு. பூவோட சேராத தனி இலை அதுல வராது. ஆரம்பத்துலயே இருக்கு தம்பி, எது எதுக்கு என்ன பேருன்னு சொல்ற எடத்துலயே. நான் அந்தப் பக்கத்தைத் தெறந்ததே இல்ல. எத்தனை வருசம் தண்டனைங்கிற பக்கம் மட்டுந்தான் எங்களுக்கு வேணும்.

எங்க ஸ்டேஷன்ல ஒரு வாசகம் உண்டு. எனக்கு முன்னால இருந்த ரைட்டர் எனக்குக் குடுத்தது, நான் எனக்குப் பின்னால வந்தவனுக்குக் குடுத்தேன். "மேற்படி சாக்குப் பையைப் பிரித்துப் பார்க்க, அதில் இலை, பூ, காய் கலந்த, காரமான வாடையுடைய கஞ்சா இருந்தது." கண்ணை மூடிட்டு எழுதுவேன். பைக்குள்ள என்ன இருக்குன்னு குனிஞ்சு பாக்கணும்னே அவசியமில்ல. கோர்ட்டுல நிக்கிற வாசகம் அது. ஒரு கேஸும் அதுல உடைஞ்சதில்ல.

இருவத்திரெண்டு வருசத்துக்கு முன்னாடி சிவனாண்டின்னு ஒருத்தன். ஆடு மேய்க்கிறவன். சாக்குல ஒண்ணேகால் கிலோ வச்சுருந்தான். ஒரு கிலோவைத் தாண்டினா சட்டம் வேற பக்கம் போயிரும், ஜாமீன் சுளுவாக் கெடைக்காது. மாசக் கடைசி. அவன் என் மேசைக்கிட்டக் குத்தவச்சு உக்காந்துக்கிட்டு ஒரே பேச்சு. "இலைதாங்கய்யா. பூ இல்லீங்கய்யா. எம்பொண்டாட்டிக்கு வயித்துல கட்டி, வலி தாங்க மாட்டேங்குறா, அரைச்சுப் பாலுல குடுக்கத்தான் பறிச்சேன், அவுத்துப் பாருங்கய்யா, வெறும் இலைதாங்கய்யா." ஒரு இருவதுவாட்டி சொல்லியிருப்பான். எனக்கு எரிச்சலாப் போச்சு. இலையா இருந்தா என்னடா, வேரா இருந்தா என்னடா, வாயை மூடுறான்னேன். ஒருத்தன் இத்தனைவாட்டி ஒரே பேச்சைச் சொன்னா நமக்கு அது பொய்யின்னுதான் தோணும். இல்லையா?

எழுதிட்டேன். அந்த வாசகந்தான்.

பின்னால லேபுக்கு அனுப்பிச்சோம். சோதனையில கஞ்சாவுக்கான வேதிப்பொருள் இருக்குன்னு ரிப்போர்ட்டு வந்துச்சு. அப்ப எனக்கு ஒரு நிம்மதி. பாத்தியாடா, ரிப்போர்ட்டே சொல்லுதுன்னு. போன மாசம் அந்த டாக்டரம்மாகிட்டப் போன்ல பட்டும்படாமக் கேட்டேன். ஏம்மா, தனி இலையைச் சோதிச்சா அந்த டி.எச்.சி. இருக்குன்னு வருமான்னு. "வரும் அச்சா. கொறைச்சலா இருக்கும், ஆனா இருக்கும். இல்லைன்னா உங்களுக்கு வலி எப்படிப் போகும்?"ன்னுச்சு. நோட்டுல எழுதிக்கிட்டேன். இந்தா இருக்கு பாருங்க, இந்த வரி. இதுல மட்டும் கையெழுத்துக் கோணிப் போச்சு.

அவன் எத்தனை வருசம் இருந்தான்னா? நாலு. பொண்டாட்டி அவன் உள்ள போன மூணாம் மாசமே போயிருச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தம்பி. கட்டி முத்திருச்சு, இலையை அரைச்சுக் குடுத்திருந்தா மட்டும் பொழைச்சிருக்கவா போகுது? போயிருக்கும். என்ன, வலியில்லாமப் போயிருக்கும். அது வேற விசயம். சாவுக்கு அவனை ரெண்டு மணி நேரம் கூட்டிட்டு வந்தாங்க. நான் பாக்கல, சொன்னாங்க.

எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க? நான் என்ன நோயாளியா இருந்தேனா, இலை எது பூ எதுன்னு தெரிஞ்சுக்க? எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அந்தம்மா எனக்கு முக்கா மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடுத்துச்சு. அப்படி ஒருத்தர் அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் எழுதியிருப்பேனா?

அவன் சொன்னானேங்கிறீங்க. அவன் சொல்றதும் டாக்டர் சொல்றதும் ஒண்ணா?

சரி, அத விடுங்க. வளைவு முடிஞ்சிருச்சு. நேர் ரோடு வந்தாச்சு. அந்தா தகரக் கொட்டகை தெரியுது பாருங்க. ரெண்டு பேரு நிக்கிறானுங்க. கை காட்டுறான். பஸ்ஸை ஓரங்கட்டுறான். அவனுங்களுக்கும் மாசக் கடைசி இருக்கும். இன்னைக்கித் தேதி என்ன? இருவத்தெட்டா? பேசாம இருங்க. நேரப் பாருங்க. ஏறுறான்.

வாங்க சார், வணக்கம். என் பைதான். தாராளமாப் பாருங்க. அது மாத்திரை. எல்லாம் மாத்திரைதான். இது வேட்டி. உடம்புக்கு முடியல சார். ஆமா, நானும் டிபார்ட்மெண்ட்டுதான், ரிட்டையர் ஆயாச்சு. சந்தோசம், சந்தோசம்.

போயிட்டானா? எறங்கிட்டானா? கண்ணாடி வழியாப் பாருங்க. ரெண்டு பேரும் எறங்கிட்டானுங்களா? கதவைச் சாத்திட்டான். அப்பா, முருகா.

பாத்தீங்களா தம்பி, என் பையைத் தொட்டுப் பாத்துட்டு விட்டுட்டான். உங்க பையைத்தான் நோண்டுனான். மேல் ஜிப்பைத் தெறந்து சட்டை, துண்டு எல்லாம் எடுத்து மடியில போட்டான். அப்பறம் பக்க ஜிப்பு மேல கை வச்சான். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நல்ல நேரம், பின்னால அந்த மஞ்சப் பை அம்மா வாந்தி எடுத்துருச்சு. அவன் காலுக்குப் பக்கத்துலயே எடுத்துருச்சு, சட்டுனு பையை விட்டுட்டு எறங்கிட்டான். மகராசி, நல்லா இருக்கணும்.

கூடலூர் வந்துருச்சு. இங்க பத்து நிமிசம் நிப்பான். டீ குடிக்கிறீங்களா? வேணாமா? சரி. நான் ஒண்ணு சொல்றேன், சத்தம் போடாதீங்க.

அந்தப் பக்க ஜிப்பைத் தெறங்க. உள்ள கைய விடுங்க. கைக்குட்டையில சுத்தி ஒரு பழுப்புக் கண்ணாடி பாட்டில் இருக்கும். அது என்னுது.

நீங்க தண்ணி வாங்கப் போனப்ப வச்சேன். பயந்துட்டேன் தம்பி. யோசிச்செல்லாம் செய்யல. பை மடியில இருந்துச்சு, கை தானாப் போச்சு. சின்ன வயசு, மொகத்துல களங்கம் இல்ல, உங்க பையை யாரு தெறக்கப் போறான்னு நெனைச்சேன். தெறப்பான்னு எனக்கென்ன தெரியும்?

ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஒண்ணும் ஆகலையே? நல்லபடியா வந்துட்டோமே? அப்படியே எடுத்திருந்தாலும் சீட்டு எங்கிட்ட இருந்துச்சு, இந்தா, சட்டைப் பையிலதான். எடுத்துக் காட்டியிருப்பேன். என்னுதுதான் சார்னு சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பீங்களாங்கிறீங்க.

தெரியல தம்பி. அவன் ஜிப்பு மேல கை வச்சப்ப நான் அந்த வாசகத்தைத்தான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டிருந்தேன். உங்க பேரை நான் இன்னும் கேக்கலியேன்னு தோணுச்சு. எழுதுறவன் மொதல்ல பேருதான் கேப்பான்.

கண்டக்டரைக் கூப்புடாதீங்க. கும்புடுறேன். பாட்டிலைக் கையிலயே வச்சுக்கிட்டு இருக்காதீங்க, மருந்து நேரம் தாண்டிருச்சு. உக்காந்த எடத்துல இருந்து தொடை வரைக்கும் திருக ஆரம்பிச்சிருச்சு. எனக்குக் கை நிக்கல, பாருங்க, மூடியக்கூடத் தெறக்க வராது. நீங்களே விட்டுருங்க. வேற யாரு இருக்கா? நாக்கைத் தூக்கிக்கிறேன், அடியில விடுங்க. நாலு சொட்டு. சத்தமா எண்ணுங்க, எனக்குக் கேக்கணும்.

நாலுக்கு மேல விட்டுராதீங்க தம்பி. இலைதான், ஆனாலும் நாலுக்கு மேல வேணாம். எனக்கு உங்களைப் பாத்தா பயமா இருக்கு.